எழுபத்தொன்பது வயதுக் குரல்

சங்கீதத்தைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு யாதொரு தகுதியும் கிடையாது. பத்தாம் வகுப்புத் தேறியதோடு நமது படிப்பு நின்றுபோயிற்று. கூட்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து ரயில்வே ரசீது எழுதுவதும், வேகன் கணக்குப் பார்ப்பதும், சரக்கை உரிய நேரத்தில் இறக்காத வியாபாரிக்கு டெமரேஜ் போட்டுவிட்டு அவருடைய வசவைக் கேட்டுக்கொள்வதுமே நமது தொழில். ஆங்கிலம் தெரியுமா என்றால், சுற்றறிக்கை ஆங்கிலம் தெரியும். தாளம் தெரியுமா என்றால், தொடையில் தட்டத் தெரியும். அதைச் சரியாகத் தட்டுகிறோமா என்பதில் நம் வீட்டிலேயே கருத்து வேற்றுமை உண்டு. இப்படிப்பட்ட நாம் அமெரிக்க ராக் பாடகர் ஒருவரின் இசைத்தொகுதியைப் பற்றி எழுத முன்வந்திருப்பதைக் கண்டு நேயர்கள் நகைப்பார்களானால் அதில் குற்றமில்லை. போகிற போக்கில் காதில் விழுந்ததைக் கேட்டவர் என்ற முறையில்தான் எழுதுகிறோம். ஆனால் விழுந்தது காதோடு நிற்கவில்லை, அதுதான் சங்கடம்.

பாடகரின் பெயர் பாப் டிலன். கேள்விப்படாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1941-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி மின்னசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் பிறந்தவர். இரும்புச் சுரங்கங்கள் சூழ்ந்த ஹிப்பிங் என்னும் ஊரில் வளர்ந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ராபர்ட் ஜிம்மர்மன். இருபது வயது நிரம்புமுன்பே நியூயார்க்குக்கு வந்து, கையில் ஒரு கிட்டாரும், கழுத்தில் மாட்டிய கம்பிச் சட்டத்தில் ஒரு மவுத்தார்கனுமாக நாட்டுப்பாடல் பாணியில் பாடிப் புகழ் பெற்றார். 1965-இல் மின்சாரக் கிட்டாரை எடுத்துக்கொண்டு ராக் இசைக்குப் போனபோது, அதுவரை அவரைக் கொண்டாடியவர்களிலேயே பலர் எதிரே உட்கார்ந்து கூச்சலிட்டார்கள். 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசை அவருக்கு அளித்தார்கள். இத்தனைக்கும் அவருடைய குரலை இனிய குரல் என்று அவருடைய இளமையிலேயே பெரும்பாலோர் ஒப்புக்கொண்டதில்லை. மூக்கால் பாடுகிறார் என்றார்கள். மணலைக் கொட்டிக் கிளறுவதுபோல் இருக்கிறது என்றார்கள். அந்தக் குரல் முதுமையில் எப்படியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். தமது 79-ஆம் வயதில், 2020 ஜூன் 19-ஆம் தேதி, அவர் வெளியிட்ட 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' என்னும் தொகுதியே நாம் பேச வந்த விஷயம். பத்துப் பாட்டுகள், எழுபது நிமிஷம்.

நாம் வசிப்பது கரக்பூரில். வங்காளிகள் டிலனை அயலார் என்று நினைப்பதில்லை. நம் அலுவலகத்தில் அப்போது மூத்த வங்காள அன்பர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் 'தாதா'. 1967-இல் வெளிவந்த 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' என்னும் இசைத்தட்டின் உறைப்படத்தில் டிலனோடு நிற்பவர்கள் பூர்ண தாஸ், லக்ஷ்மண் தாஸ் என்ற வங்காளத்துப் பாவுல் பாடகர்கள் என்பதை அவர் நமக்கு முப்பது முறையாவது கூறியிருப்பார். கபீர் சுமன் டிலனுடைய பாட்டை வங்க மொழியில் பாடியதைச் சொல்லுவார். ஷில்லாங்கில் லூ மஜாவ் என்ற பாடகர் 1972 தொடங்கி ஆண்டுதோறும் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடி வந்ததைச் சொல்லுவார். தேநீர் வேளையில் கேட்டுக்கொள்வோம். தேநீர் முடிந்ததும் மறந்துவிடுவோம்.

இனி நம் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.

நம் தந்தையார் பணியில் இருந்தபோதே காலமானார். நமக்கு அப்போது வயது பதினைந்து. அவருக்கு மூத்தவரான பெரியப்பாதான் நம்மை வளர்த்தார். கருணை அடிப்படையில் நமக்கு வேலை கிடைக்கும்வரை, கையில் ஒரு துணிப்பையும் பைக்குள் தந்தையாரின் பணிப் பதிவேட்டு நகலுமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவரும் அவரே. 1944-இல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்து, இருபத்துநான்காம் வயதில் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, கூட்ஸ் வண்டிக் கார்டாக இருந்து, 2004-இல் ஓய்வு பெற்றார். (கார்டு என்ற பதவிப் பெயரை 2022-இல் 'ரயில் மேலாளர்' என்று மாற்றினார்கள். பெரியப்பாவிடம் இச்செய்தியைச் சொன்னபோது, "பேரை மாத்தினா பிரேக்வான்ல வெயில் குறையுமா?" என்று மட்டும் கேட்டார்.) பிரேக்வானில் தனித்துக் கழித்த முப்பத்தாறு ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தது திருப்புகழ். அருணகிரிநாதரின் சந்தம் ஒவ்வொன்றும், தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டும் ஓசையோடு எந்த வேகத்தில் பொருந்தும் என்பதை அவர் அறிவார். வண்டி வேகம் எடுத்தால் ஒரு பாட்டு. சிக்னலுக்காகத் தயங்கி ஊர்ந்தால் வேறொரு பாட்டு.

நம் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் கூடி நடத்தும் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் அவர் பாடுவது வழக்கம். 2020 ஜனவரியிலும் பாடினார். நிகழ்ச்சிகளுக்கு நேரம் ஒதுக்கும் பொறுப்பு அவ்வாண்டு நம்முடையது. அவருக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருந்தோம். திருப்புகழைப் பாடியவர்களுக்குத் தெரியும்: சந்தம் ஓடும்போது நடுவில் மூச்சு விட இடம் கிடைப்பது அரிது. எழுபத்தைந்து வயதில் அவருக்கு அது கிடைக்கவில்லை. சொல்லை உடைத்து மூச்சு வாங்கினார். மேல் ஸ்தாயியில் குரல் இரண்டாகப் பிளந்தது. தபலா வாசித்த பையன் தன் பாட்டுக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி வேறு இரைந்தது. பின் வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் அவர்களை அடக்கினார்கள் என்றாலும், அடக்கியவர்களின் முகமும் சரியாக இல்லை. மேடையோரம் நின்ற நமக்கு உடம்பு கூசிற்று. அவருக்காகக் கூசிற்றா, நமக்காகவா என்பதைச் சொல்லும் தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது: நமக்காகத்தான்.

சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்க உட்கார்ந்தோம். யாரும் நம்மை வற்புறுத்தவில்லை. பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு, சாப்பாடு முடிந்து அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, "பெரியப்பா, இந்தத் தடவை பசங்க கோலாட்டம் போடறாங்க. நேரம் கொஞ்சம் கம்மியா இருக்கு…" என்று இழுத்தோம். அந்தக் கோலாட்டத்தில் நம் மகளும் ஒருத்தி.

அவர் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, "சரிப்பா, குழந்தைங்க ஆடட்டும்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் மாதம் 25-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சித்திரை விழா நடக்கவே இல்லை. கோலாட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. நாம் சொன்ன சொல்லுக்கு எந்தப் பயனும் இல்லாமற்போயிற்று. ஆயினும் சொன்னது சொன்னதாகவே இருந்தது. விடியற்காலையில் குளியலறையிலிருந்து கேட்கும் முனகல்கூட நம் குவார்ட்டர்ஸில் நின்றுபோயிருப்பதை நம் மனைவிதான் முதலில் கவனித்துக் கூறினாள்.

பிரயாணிகள் வண்டி எதுவும் ஓடவில்லை. சரக்கு வண்டிகள் ஓடின. அரிசியும் கோதுமையும் போய்ச் சேரவேண்டுமல்லவா? ஆகவே நமக்கு வேலை இருந்தது. 1,072 மீட்டர் நீளமுள்ள கரக்பூர் நடைமேடையில், ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் வாங்கிய அந்த நடைமேடையில், ஒரு நாய்கூட இல்லாமல் விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்ததை அந்நாட்களில் பார்த்தோம். அப்படிப்பட்ட ஓர் இரவுப் பணியின்போதுதான் தாதா நம் கைப்பேசிக்கு ஒரு பாட்டை அனுப்பினார். டிலன் அதை வெளியிட்டது மார்ச் 27. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தாமே எழுதி வெளியிட்ட முதல் பாட்டு. பெயர் 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்'; ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஆவி கூறும் சொற்களிலிருந்து எடுத்த தலைப்பு. 1963 நவம்பர் 22-ஆம் தேதி டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றியது. நீளம் பதினேழு நிமிஷத்துக்கு ஆறே விநாடி குறைவு. நம் ஊர் நடைமேடைக்கு ஏற்ற பாட்டு என்று அப்போது நினைத்துக்கொண்டோம்.

முதல் முறை கேட்டபோது பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்றே நமக்கு விளங்கவில்லை. ஒரு பியானோ நிதானமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. அடியில் வில் போட்டு இழுக்கும் தந்தி வாத்தியம் ஒன்று. டிரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி எங்கோ தொலைவில் ஒலிக்கிறது. அதன்மேல் ஒரு கிழவர் பேசுகிறார். பேச்சென்று நினைத்தால் ஓரிடத்தில் சுரம் ஏறுகிறது. பாட்டென்று நினைத்தால் பேச்சாகிவிடுகிறது. பாதிக்குமேல் கொலை பின்னால் போய்விட, வுல்ஃப்மன் ஜாக் என்ற அந்தக்கால ரேடியோ அறிவிப்பாளரைக் கூப்பிட்டு, இந்தப் பாட்டைப் போடு, அந்தப் பாட்டைப் போடு என்று நேயர் விருப்பம் கேட்டுக்கொண்டே போகிறார். டஜன் கணக்கில் பெயர்கள். அவற்றில் நமக்குத் தெரிந்தவை இரண்டோ மூன்றோ. ஒன்பதாம் நிமிஷத்தில் வேகன் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டோம். பதினாறாம் நிமிஷத்தில் பாட்டு இன்னும் ஓடுவது ஞாபகம் வந்தது. தாதா அபிப்பிராயம் கேட்டார். "நன்றாக இருக்கிறது" என்று பதில் அனுப்பினோம். பொய்தான்.

இரண்டு நாள் கழித்து, வீட்டு வராந்தாவில் அதை மறுபடி போட்டோம். பொய் சொன்ன குற்றத்துக்குப் பரிகாரமாக இன்னொரு முறை கேட்கலாம் என்று தோன்றியதே காரணம். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாருப்பா இது? பாடறானா, பேசறானா?"

"அமெரிக்காக்காரர், பெரியப்பா. பெரிய பாட்டுக்காரர்."

"வயசு?"

"வர்ற மே மாசம் வந்தா எழுபத்தொன்பது."

சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கென்னடி என்ற பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்தார். டல்லாஸில் நண்பகல் பன்னிரண்டரை என்றால் நம் நாட்டில் நள்ளிரவு. ஆகவே மறுநாள் சனிக்கிழமை காலையில்தான் அவருடைய ஊருக்குச் செய்தி வந்தது. தேநீர்க் கடை ரேடியோவைச் சுற்றி ஜனங்கள் நின்றதையும், கடைக்காரர் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்காமல் நின்றதையும் சொன்னார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. பிறகு மௌனமாக இருந்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. முடியும் தறுவாயில் கேட்டார்:

"இவன்கிட்ட யாரும் 'போதும்'னு சொல்லலையாமா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்டாரா, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்பதை நாம் இன்றுவரை அறியோம். அவர் குத்திக்காட்டும் சுபாவமுடையவர் அல்லர். நாம் பதில் சொல்லாமல் உள்ளே சென்று தண்ணீர் குடித்தோம்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான், ஜூன் மாதம் முழுத் தொகுதியும் வந்தபோது கேட்கத் தொடங்கினோம் என்று கூறலாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டு வரிகளையும் படித்தோம். நமது அபிப்பிராயங்களைப் பயமின்றிச் சொல்லிவிடுகிறோம்.

முதற்பாட்டின் தலைப்பு அமெரிக்கக் கவி வால்ட் விட்மனிடமிருந்து வாங்கியது. தம்முள்ளே பலபேர் அடங்கியிருப்பதாகப் பாடகர் கூறிக்கொண்டு ஒரு பட்டியல் வாசிக்கிறார். பட்டியல் வாசிப்பதில் இவருக்குள்ள ஆசை நம் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவுக்குக்கூடக் கிடையாது. இரண்டாம் பாட்டான 'ஃபால்ஸ் பிராஃபெட்' மார்தட்டும் பாட்டு. மெட்டும் கிட்டார்ப் போக்கும், பில்லி 'தி கிட்' எமர்சன் என்பவர் 1954-இல் பதிவு செய்த ஒரு பாட்டினுடையவை என்று தாதாவே ஒப்புக்கொண்டார். நான்காம் பாட்டில் வருவது ஆஃபன்பாக்கின் ஒரு பழைய ஐரோப்பிய நாடகக் கீதத்தின் மெட்டு. இது நமக்குப் பிடிக்கவில்லை. நம்மவர்களும் காவடிச்சிந்து மெட்டில் எத்தனையோ பாட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் 'இன்ன மெட்டு' என்று தலையில் எழுதிவிடுவார்கள். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் ஆளைச் செய்யப் புறப்படும் மூன்றாம் பாட்டு கேலியா, கோரமா என்று நமக்குப் புலப்படவில்லை. இரவில் கேட்க உகந்ததன்று. 'பிளாக் ரைடர்' என்னும் ஐந்தாம் பாட்டை ஒரே மூச்சில் நம்மால் கேட்க முடிந்ததில்லை, இன்றுவரை அப்படித்தான். பதினேழு நிமிஷப் பாட்டுக்கோ தனி வட்டு ஒன்றே ஒதுக்கிவிட்டார்கள். ஒரு பார்சலுக்கு ஒரு வேகன்!

இவ்வளவு குறை சொன்ன நாம், ஒன்பதாம் பாட்டாகிய 'கீ வெஸ்ட்' வந்தபோது கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். கீ வெஸ்ட் என்பது ஃபுளோரிடாவின் தென்கோடிக்கும் அப்பால் கடலுக்குள் கிடக்கும் சிறு தீவு ஊர். இனிப் போவதற்கு நிலம் இல்லை என்னும்படியான இடம். அங்கே உட்கார்ந்து ஒரு கிழவர் ரேடியோவைத் திருகித் திருகித் தொலைவிலிருந்து வரும் ஒலியைத் தேடுகிறார். அக்கார்டியன் வாத்தியம் நம் ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிபோல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்பதரை நிமிஷம். இதிலும் அவர் பாதி பேசத்தான் செய்கிறார். ஆனால் ஓரடியின் கடைசிச் சொல்லைச் சற்றுத் தாமதித்து வைக்கிறார் பாருங்கள், அந்தத் தாமதத்தில் ஒரு வயது முழுவதும் இருக்கிறது. இளங்குரல் ஒன்று இதைப் பாடினால் கெட்டுப்போகும் என்று தோன்றிற்று.

இந்தத் தாமதத்தை அவர் எங்கே கற்றார்? 2015-க்கும் 2017-க்கும் இடையில் மூன்று வெளியீடுகளாக ஐந்து வட்டுகள் நிறையப் பிறருடைய பழைய பாட்டுகளையே அவர் பாடினார். பெரும்பாலும் ஃபிராங்க் சினாட்ரா பாடி மெருகேற்றியவை. சினாட்ரா குரல் எங்கே, இவர் குரல் எங்கே என்று பலர் சிரித்தார்கள். ஒன்றை நாமும் கேட்டுப் பார்த்தோம். எழுபத்துமூன்று வயதுக்கு மேல் ஒரு மனிதர், தம் குரலில் இன்னும் எது மிச்சம் இருக்கிறது, எது போய்விட்டது என்று பெட்டியைக் கவிழ்த்து எண்ணிப் பார்ப்பதுபோல் இருந்தது. உரக்கப் பாட முடியாது. ஆகவே மெதுவாகப் பாடுவது. இழுக்க முடியாது, ஆகவே சொல்லிவிட்டு நிறுத்துவது. அந்தக் கணக்கெடுப்பின் பலன்தான் இந்தத் தொகுதி என்பது நமது எண்ணம்.

மற்றொன்றையும் நாலாம் ஐந்தாம் முறை கேட்டபோது கவனித்தோம். வாத்தியக்காரர்கள் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். கிழவர் மூச்சு வாங்கினால் அவர்களும் சற்றுத் தணிகிறார்கள். அவர் ஒரு சொல்லை முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் பியானோ பதறுவதில்லை. டிரம் அடிப்பவர் பெரும்பாலும் சும்மா இருக்கிறார். சும்மா இருப்பதற்கும் அவருக்குச் சம்பளம் உண்டு போலும். ஒலிவாங்கியை உதட்டோரம் வைத்து, முணுமுணுப்பும் வீணாகாமல் பிடித்திருக்கிறார்கள். இதைக் கவனித்த கணத்தில் நமக்கு ஞாபகம் வந்தது, பொங்கல் மேடையில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த தபலாவும் இரைந்த ஒலிபெருக்கியும்தான். அந்தப் பையனைச் சற்று நிறுத்தி வாசிக்கச் சொல்லியிருக்கலாம். மைக்கைச் சரிசெய்திருக்கலாம். பதினைந்து நிமிஷத்தை ஐந்தாக்கி, வேகமில்லாத பாட்டாக ஒன்று போதும் என்றிருக்கலாம். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பது அதற்காகத்தானே? நாம் செய்தது பாடகரை நிறுத்தியது. அது ஒன்றுதான் சுலபமாக இருந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நாம் எழுதுவது பொய்யாகிவிடும். டிலன் என்ற பெயர் இல்லாமல், பெயர் தெரியாத ஒரு முதியவர் இந்தப் பத்துப் பாட்டுகளையும் பாடி அனுப்பியிருந்தால் உலகம் கேட்டிருக்குமா? இந்தத் தொகுதி பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. நாம் அதை ஐந்து முறை கேட்டதற்கே காரணம், நோபல் பரிசு வாங்கியவர் காரணமில்லாமல் பாடமாட்டார் என்ற எண்ணந்தான். பெரியப்பாவுக்கு அந்த மரியாதையை நாம் ஒரு முறைகூட அளிக்கவில்லை. ஆகவே கீ வெஸ்டைக் கேட்டு மனம் கரையும்போதெல்லாம் கூடவே ஒரு கோபமும் வருகிறது. டிலன்மேல் கோபப்பட நியாயம் ஏது? இருந்தாலும் வருகிறது.

பெரியப்பாவை இந்தத் தொகுதியின்பால் இழுத்தது பாட்டு அன்று, தலைப்பு. 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' என்பது ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்பவர் 1929-இல் பதிவு செய்த ஒரு பாட்டின் பெயரிலிருந்து எடுத்தது. ரோட்ஜர்ஸ் யார் தெரியுமோ? நம் இனம்! மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் ஊர்ப்பக்கத்து மனிதர். ரயில்வேயில் பிரேக்ஸ்மனாக வேலை பார்த்தவர். 'பாடும் பிரேக்ஸ்மன்' என்றே அவருக்குப் பெயர். காசநோய் வந்து ரயில் வேலை போனபின் பாட்டே பிழைப்பாயிற்று. 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவுகளைச் செய்தபோது, ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் இடையே படுத்து ஓய்வெடுக்க அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். கடைசிப் பாட்டுகளைப் பதிவு செய்தது மே 24. இறந்தது மே 26. வயது முப்பத்தைந்து. உடலை மெரிடியனுக்கு ரயிலிலேதான் கொண்டுபோனார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து அதே மே 24-இல் டிலன் பிறந்தார். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"பிரேக்ஸ்மன்னா, வண்டி ஓடும்போதே மேலே ஏறி ஓடி பிரேக் திருகணும் அந்தக் காலத்துல. மழையில வழுக்கும். அவன் பாட்டு இருந்தா போடு."

போட்டோம். கீறல் விழுந்த பழைய பதிவு. ரோட்ஜர்ஸ் குரலை உடைத்து மேலே தாவவிடும் யோடல் என்னும் வித்தையைக் கேட்டதும் பெரியப்பா முகம் மலர்ந்தது. "இவன் பாடறான்" என்றார். டிலனைப் பற்றி அவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

2021 நவம்பரில், எண்பது வயதில், டிலன் இந்தத் தொகுதியின் பாட்டுகளைப் பாடிக்கொண்டு மீண்டும் ஊர் ஊராகப் புறப்பட்டார் என்று தாதா சொன்னார். நம் ஊரிலும் பிறகு விழாக்கள் தொடங்கின. 2023 பொங்கலுக்கு நாமே பெரியப்பாவிடம் சென்று, நல்ல மைக் வாங்கியிருப்பதையும், தபலாவுக்குப் பதில் சுருதிப்பெட்டி மட்டும் வைக்கலாம் என்பதையும் கூறி, ஐந்து நிமிஷம் பாடும்படி கேட்டுக்கொண்டோம். 2020 பிப்ரவரியில் சொன்னது தவறு என்றும் சொன்னோம். அதைச் சொல்ல மூன்று ஆண்டு ஆயிற்று.

"தப்பு இல்லப்பா. அன்னிக்கு என் குரல் எனக்கே கேட்டுது" என்றார். பாட வரவில்லை. நாம் மறுநாளும் கேட்டோம். அதற்கு மறுநாளும் கேட்டோம். மூன்றாம் நாள், "மேடை வேண்டாம், தொந்தரவு பண்ணாதே" என்று கொஞ்சம் கடிந்துகொண்டார்.

சென்ற கார்த்திகைத் தீபத்தன்று சாயங்காலம் வராந்தாவில் அகல் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். யார்டில் ஷன்டிங் நடந்துகொண்டிருந்தது. வேகன்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை வரிசையாக வந்து அடங்கிற்று. நாற்காலியிலிருந்து முனகல்போல ஒன்று கேட்டது. திருப்புகழ்தான். சந்தத்தை வெகுவாகத் தணித்து, ஓரடி பாடி நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த அடிக்குப் போனார். நம் மகள் விளக்கைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். நாம் படியில் உட்கார்ந்து, அவர் நிறுத்தினால் நிறுத்தி, தொடர்ந்தால் தொடர்ந்து, தொடையில் மெல்லத் தாளம் தட்டினோம். நாலடி போயிருக்கும். பாட்டை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்.

"தாளத்தைத் தப்பா போடறே. கையை எடு."

கையை எடுத்துக்கொண்டோம். விட்ட இடத்திலிருந்து பாடினார்.